திரைக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

வாசகர் கேள்வி – பதில்

பழைய கையடக்க கேம் கருவிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னபோது, பட்டன் அழுந்தவில்லை, கேட்ரிட்ஜ் எடுக்கவில்லை என்றுதான் கடிதங்கள் வரும் என எதிர்பார்த்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை திரையைப் பற்றியவை. எனக்கும் அதுதான் பிடித்த பகுதி. அதனால் இந்த முறை திரைக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வணக்கம் மேடம். பரணில் கிடந்த என் கேம் பாயை எடுத்தேன். 1989-இல் வந்த சாம்பல் நிற மாடல். செல் போட்டதும் உயிர் வந்துவிட்டது. ஆனால் திரையில் பச்சையாக ஏதோ கலங்கலாகத் தெரிகிறதே தவிர ஒன்றும் பிடிபடவில்லை. சின்ன வயதில் இதிலேயே மணிக்கணக்காக விளையாடியவன் நான். திரை கெட்டுவிட்டதா, என் கண் கெட்டுவிட்டதா?

பதில்: இரண்டும் கெட்டிருக்காது என்றே நினைக்கிறேன். பகல் நேரத்தில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். வெளிச்சம் உங்கள் தோளைத் தாண்டி வந்து திரையில் விழட்டும். இப்போது கருவியின் இடது பக்கத்தில் இருக்கும் கான்ட்ராஸ்ட் சக்கரத்தை மெல்ல உருட்டுங்கள். ஓர் இடத்தில் படம் சட்டென்று எழுந்து நிற்கும். அந்த இடத்தை உங்கள் விரல் முப்பது வருடம் கழித்தும் மறந்திருக்காது.

அந்தத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அறையின் வெளிச்சம் கண்ணாடிக்குள் நுழைந்து, பின்னால் இருக்கும் பிரதிபலிப்புத் தாளில் பட்டுத் திரும்பி வரும். நீங்கள் பார்ப்பது அப்படித் திரும்பி வரும் வெளிச்சத்தை. கைபேசித் திரைக்குப் பழகிய கண் வெளிச்சம் திரைக்குள் இருந்து வரும் என்றே எதிர்பார்க்கிறது. உங்களுக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தில் பெரும்பங்கு அதுதான்.

மீதிப் பங்கு திரையின் அமைப்பில் இருக்கிறது. அகலத்தில் 160, உயரத்தில் 144 புள்ளிகள். மொத்தம் நான்கே சாயல்கள். இப்போதைய டிஎஃப்டி திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி டிரான்சிஸ்டர் உண்டு. இதில் கிடையாது. வரிசை வரிசையாக மின்சாரம் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு வரிசைக்கு ஒருமுறை கொடுத்துவிட்டு மற்ற 143 வரிசைகளைச் சுற்றி வரும்வரை அந்தப் புள்ளிகள் தம் நிலையைத் தாமாகவே தாங்கி நிற்க வேண்டும். அப்படித் தாங்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் திரவப் படிகம் மெதுவாகத் திரும்புவதாக இருக்க வேண்டும். ஓடும் உருவத்துக்குப் பின்னால் வால் போல நிழல் இழுப்பது இதனால்தான். பழுது என்று பயப்படாதீர்கள்.

நிண்டெண்டோவில் குன்பெய் யோகோய் தலைமையில் இதை வடிவமைத்தவர்களுக்கு வண்ணத் திரை என்று ஒன்று இருப்பது தெரியாமல் இல்லை. அதே 1989-இல் அடாரியின் லிங்க்ஸ் வண்ணத் திரையோடும் பின்விளக்கோடும் வந்தது. 1990-இல் சேகாவின் கேம் கியர் வந்தது. இரண்டும் ஆறு டபுள் ஏ செல்களைச் சில மணி நேரத்தில் குடித்து முடித்துவிடும். கேம் பாய் நான்கு செல்லில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. நன்றாகப் பழகி, விலை குறைந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்துப் புது வேலைக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது யோகோயின் கொள்கை. அந்தத் திரை அதற்கு நல்ல சான்று.

இரவுப் பயணங்களில் நானும் அண்ணனும் இதை மடியில் வைத்துக்கொண்டு, தெருவிளக்கு ஒவ்வொன்றும் கடந்து போகும் அந்த இரண்டு நொடி மட்டும் விளையாடுவோம். விளக்கு போனதும் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ஆட்டத்தை நிறுத்துவோம். அடுத்த விளக்கு வந்ததும் மறுபடி.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் இரண்டு வழிகள். ஒன்று, பழைய கண்ணாடியை வைத்துக்கொண்டே பின்னால் இருக்கும் பிரதிபலிப்புத் தாளை உரித்துவிட்டு, அங்கே விளக்குப் பலகையும் புது போலரைசரும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் மெல்லிய தாள்) வைப்பது. கூடவே பைவர்ட் என்ற வேலையையும் செய்வார்கள். ஒரு சின்ன இன்வர்ட்டர் சிப் வைத்துக் கருப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கருப்பாகவும் திருப்பி அனுப்பிவிட்டு, போலரைசரை 90 டிகிரி திருப்பி வைத்தால் படம் பழையபடி நேராகிவிடும். கான்ட்ராஸ்ட் மட்டும் நன்றாக ஏறும். இன்னொன்று, கண்ணாடியையே எடுத்துவிட்டு ஐபிஎஸ் திரை கிட் போடுவது, அதாவது பின்விளக்கு உள்ள புது வகை எல்சிடி திரையையும் அதற்கான பாகங்களையும் சேர்த்து வாங்கிப் பொருத்துவது. பகலில் விளையாடுபவர் என்றால் எதையும் செய்யாதீர்கள் என்பேன். வெயிலில் அந்தப் பழைய திரை எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதை ஒருமுறை வெளியே எடுத்துப் போய்ப் பாருங்கள். எந்த ஐபிஎஸ் திரையும் அங்கே திணறும்.

கேள்வி: அக்கா, எனக்குக் கிடைத்ததும் அதே 1989 மாடல் கேம் பாய்தான். திரையில் மேலிருந்து கீழாக ஏழெட்டு கோடுகள் காணவில்லை. அந்த இடங்களில் மட்டும் படமே வருவதில்லை. புதுத் திரைதான் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். இந்தக் கருவியில் சரிசெய்ய முடிகிற பழுதுகளில் இதுதான் மனசுக்கு நிறைவானது.

கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஒரு ரிப்பன் ஒட்டப்பட்டிருக்கும். அதைச் சால்டர் செய்திருக்க மாட்டார்கள். சூடாக்கி அழுத்தி ஒட்டியிருப்பார்கள். செங்குத்து வரிகள் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு தடம். வருடக்கணக்கில் அந்தப் பசை அங்கங்கே விட்டுவிடும். விட்ட இடத்துக்கு நேர் மேலே கோடு காணாமல் போகும். மறுபடி சூடு கொடுத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும்.

கருவியைத் திறந்து, முன்பக்க போர்டைத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பன் கண்ணாடியைத் தொடும் இடத்தில் ரப்பர் பட்டை இருந்தால் மெதுவாக விலக்குங்கள். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே சால்டரிங் அயர்னின் தட்டையான முனையை அந்த விளிம்பில் வைத்து, கோடு விட்ட இடத்துக்குக் கீழே மெல்ல நகர்த்துங்கள். குறைந்த சூடு போதும். ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது, அழுத்தியும் தேய்க்கக் கூடாது. கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவது கண்ணெதிரே தெரியும். சில கோடுகள் அயர்னை எடுத்ததும் மறுபடி போய்விடும். அவசரப்படாமல் இரண்டு மூன்று முறை போய் வாருங்கள்.

நான் முதன்முதலில் செய்தபோது முழுச் சூட்டில் வைத்துவிட்டேன். ரிப்பன் சுருண்டு, இருந்த கோடுகளும் போய்விட்டன. அந்தத் திரையை இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாக வேலை கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

உங்களுக்குக் காணாமல் போனது கிடைக்கோடு என்றால் கதை வேறு. அதற்கான ரிப்பன் பக்கவாட்டில் இருக்கும். அங்கே அயர்ன் வைத்தால் தேறுவதைவிட மோசமாவதே அதிகம். அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: திரையின் நடுவில் ஒரு கரும்பழுப்புக் கறை. வருடா வருடம் பெரிதாகிறதோ என்று தோன்றுகிறது. துடைத்தால் போகவில்லை.

பதில்: கறை எப்படிப்பட்டது என்று முதலில் பாருங்கள். நடுவில் தொடங்கி, விளிம்பு மங்கலாக, வெயில் பட்டு வெந்த தோல் போல இருக்கிறதா? அப்படியானால் பாதிக்கப்பட்டது போலரைசர் ஃபிலிம் மட்டும்தான். கண்ணாடிக்கு மேலே ஒட்டிய மெல்லிய தாள் அது. ஜன்னலோரத்திலோ வண்டியின் முன்கண்ணாடிக்கு அடியிலோ வெயிலில் கிடந்த கருவிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஃபிலிமை ஒரு மூலையில் தூக்கி மெல்ல உரித்து, மிச்சப் பசையை ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, புது ஃபிலிம் வைக்கலாம். ஒட்டுவதற்கு முன் கருவியை ஓடவிட்டு, ஃபிலிமைத் திரை மேல் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். கோணம் தவறினால் படம் தலைகீழ் நிறத்தில் வரும், அல்லது வெளிறிப்போகும்.

ஓரத்திலிருந்தோ ஒரு விரிசலில் இருந்தோ மை கொட்டியது போலக் கன்னங்கரேலென்று பரவுகிறது என்றால், கண்ணாடியின் உள்ளே இருக்கும் அடைப்பு போய்விட்டது. அதற்கு வைத்தியம் கிடையாது. அந்தத் திரையை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: என்னிடம் இருப்பது மடிக்கும் கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி. நல்ல திரை, சுமார் திரை என்று இரண்டு வகை உண்டாமே. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பின்பக்க லேபிளில் ஏஜிஎஸ்-001 என்றிருந்தால் 2003-இல் வந்த முதல் வகை. அதில் விளக்கு திரைக்கு முன்னால் ஓரத்திலிருந்து அடிக்கும். ஏஜிஎஸ்-101 என்றிருந்தால் 2005-இல் வந்த பின்விளக்குத் திரை. ஆனால் லேபிளை மட்டும் நம்ப வேண்டாம். வெளிக்கூட்டை மாற்றிய கருவிகள் நிறையச் சுற்றுகின்றன. விளக்குப் பொத்தானை அழுத்துங்கள். விளக்கு முழுதாக அணைந்தால் 001. அணையாமல் பிரகாசம் கூடிக் குறைந்தால் 101.

கேள்வி: மேடம், என் கேம் பாய் அட்வான்ஸில் ஐபிஎஸ் கிட் நானே போட்டேன். படம் அருமை. ஆனால் பிரைட்னஸை முழுதாக ஏற்றினால் கருவி அணைந்துவிடுகிறது. ஸ்பீக்கரில் கொசு ரீங்காரம் போல ஒரு சத்தமும் வருகிறது. கிட் மோசமானதா?

பதில்: கிட்டைத் திருப்பி அனுப்புவதற்கு முன் பவர் சுவிட்சைச் சுத்தம் செய்யுங்கள். பத்தில் எட்டு பேர் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை என்பது என் அனுபவம்.

2001-இல் இந்தக் கருவியைச் செய்தவர்கள் விளக்கே இல்லாத திரைக்குத்தான் மின்சாரக் கணக்குப் போட்டார்கள். இரண்டு டபுள் ஏ செல், அதாவது 3 வோல்ட், அதில் ஏறக்குறைய 15 மணி நேரம். இப்போது நீங்கள் அதில் ஒரு விளக்கையும் வேகமாக வேலை செய்யும் ஒரு சிப்பையும் சேர்த்திருக்கிறீர்கள். எல்லா மின்சாரமும் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. உள்ளே இருபது வருடக் களிம்பு. களிம்பைத் தாண்டும்போது வோல்ட் கொஞ்சம் இறங்கும். இறங்கியதும், அதே பிரகாசத்தைக் கொடுக்கக் கிட் இன்னும் அதிக கரண்ட்டை இழுக்கும். அதிகம் இழுத்தால் வோல்ட் இன்னும் இறங்கும். இப்படியே போய்ச் சட்டென்று அணைந்துவிடும்.

செல்லை எடுத்துவிட்டு, சுவிட்சுக்குள் ஐசோபிரோபைல் ஆல்கஹால் ஓரிரு சொட்டு விட்டு, ஐம்பது முறையாவது முன்னும் பின்னும் தள்ளுங்கள். நன்றாகக் காயவிட்டுத்தான் செல் போட வேண்டும். செல் உட்காரும் கம்பிகளிலும் பச்சை பூத்திருந்தால் அதையும் துடையுங்கள். ரீசார்ஜ் செல் போடுகிறீர்கள் என்றால் அது ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். செல் தீரும் முன்பே சிவப்பு விளக்கு எரியும். பழுது என்று எண்ண வேண்டாம்.

ரீங்காரத்துக்கு ஒரு சோதனை: பிரைட்னஸை மாற்றினால் சத்தமும் மாறுகிறதா? மாறினால் அது திரையின் மின்சாரத்திலிருந்து ஒலிப் பகுதிக்குக் கசியும் இரைச்சல். பிரைட்னஸ் மாற்றுவதற்காகக் கூடுதலாக இழுத்த ஒயர் ஸ்பீக்கர் ஒயருக்குப் பக்கத்தில் போகிறதா என்று பார்த்து விலக்குங்கள். பாதி இரைச்சல் அதிலேயே அடங்கும்.

இன்னும் கிட் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கருவியின் போர்டில் திரை ரிப்பன் செருகும் இடம் 40 கால் (மின் இணைப்பு முனை), 32 கால் என்று இரண்டு விதமாக இருக்கும். வாங்கும் கிட்டில் இரண்டுக்கும் ரிப்பன் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கூட்டுக்குள் புதுத் திரை உட்கார உள்பக்கப் பிளாஸ்டிக்கைச் செதுக்க வேண்டி வரலாம். எனக்கு அதில் மனமில்லை. பழைய கூட்டைத் தொடாமல் எடுத்து வைத்துவிட்டு, வெட்டியே வரும் புதுக் கூட்டைப் போடுவேன்.

கேள்வி: அக்கா, புதுத் திரை போட்ட பிறகு எல்லா விளையாட்டிலும் நிறம் கண்ணைக் குத்துகிறது. புல் பச்சை சாயம் அடித்தது போல இருக்கிறது. நினைவில் இருந்த நிறம் இது இல்லையே. என் நினைவு தவறா?

பதில்: உங்கள் நினைவு சரி. இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

கேம் பாய் அட்வான்ஸின் முதல் திரை இருட்டானது. நிறங்களும் அதில் மங்கித்தான் தெரியும். வரைந்தவர்களுக்கு இது தெரியும். அதனால் திரை மங்கச் செய்யும் அளவைக் கணக்கில் வைத்து, அதற்கு மேல் தூக்கலாக நிறம் போட்டார்கள். அந்த இரண்டும் சேர்ந்துதான் நீங்கள் பார்த்த மென்மையான பச்சை. இப்போது நீங்கள் ஒரு பக்கத்தை மாற்றிவிட்டீர்கள். திரை மங்க வைக்கவில்லை. அவர்கள் தூக்கலாகப் போட்டது மட்டும் மிச்சம்.

இதை நேரில் பார்க்க காசில்வேனியா வரிசையின் இரண்டு ஆட்டங்கள் போதும். 2001-இல் கருவியோடு சேர்ந்து வந்த சர்க்கிள் ஆஃப் தி மூன் இருண்ட நிறங்களில் வரையப்பட்டது. விளக்கில்லாத திரையில் எதிரி எங்கே நிற்கிறான் என்றே தெரியாமல் பலர் தவித்தார்கள். அடுத்து 2002-இல் வந்த ஹார்மனி ஆஃப் டிஸ்ஸோனன்ஸை அதனால் நல்ல வெளிச்சமாக வரைந்தார்கள். இன்றைய திரையில் இரண்டையும் போட்டுப் பாருங்கள். முதலாவது வரைந்தவர் மனசில் நினைத்தபடி அழகாக இருக்கும். இரண்டாவது கூசும். ஒரே புதுத் திரை, ஒன்றுக்கு நியாயம் செய்து இன்னொன்றுக்கு அநியாயம் செய்கிறது. அதனால்தான் யாராவது எந்தக் கிட் நல்லது என்று கேட்டால், நீங்கள் விளையாடப்போகும் ஆட்டம் எந்த வெளிச்சத்துக்காக வரையப்பட்டது என்று திருப்பிக் கேட்கிறேன்.

நிறத்தோடு இது முடியவில்லை. பழைய கேம் பாய் ஆட்டங்களில் நிழல், புகை, பேய் இதெல்லாம் பாதி ஒளிபுகுவது போலத் தெரிந்தது நினைவிருக்கிறதா? அந்தக் கருவிக்கு அப்படி வரையும் திறமை கிடையாது. நொடிக்கு ஏறத்தாழ அறுபது முறை மாறும் படங்களில் ஒவ்வொன்றும் ஒரு பிரேம். ஒரு பிரேமில் உருவத்தைக் காட்டி அடுத்த பிரேமில் மறைத்தார்கள். திரை மெதுவானது என்பதால் இரண்டும் கலந்து, அரைகுறையாகத் தெரிந்தது. அந்த இழுவையையே ஒரு தூரிகையாகப் பயன்படுத்தினார்கள். ஐபிஎஸ் திரை வேகமானது. ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாகக் காட்டிவிடும். நிழல் இருந்த இடத்தில் படபடவென்று துடிப்புதான் தெரியும்.

சில கிட்களின் மெனுவில் நிறத் திருத்தமும், அடுத்தடுத்த பிரேம்களைக் கலக்கும் வசதியும் இருக்கின்றன. உங்கள் கிட்டில் இருந்தால் இரண்டையும் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பிரைட்னஸைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். முழு பிரைட்னஸில் வைத்துவிட்டு நிறத்தைக் குறை சொல்லும் கடிதங்கள் நிறைய வருகின்றன. இனிமேல் கிட் வாங்குபவர்கள் திரை எவ்வளவு பிரகாசம் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு குறைக்க முடியும் என்று கேளுங்கள். இரவில் போர்வைக்குள் விளையாடும்போது அதன் அருமை தெரியும்.

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன் அக்கா. பழைய ஆட்டங்கள் எல்லாம் ஓடும் புதுக் கையடக்கக் கருவி ஒன்று வாங்கினேன். திரை 640-க்கு 480. கேம் பாய் ஆட்டங்கள் கச்சிதமாக இருக்கின்றன. ஆனால் கேம் பாய் அட்வான்ஸ் ஆட்டங்களில் திரை நகரும்போது எழுத்தும் சுவரும் நெளிகின்றன. சிப் வேகம் போதவில்லையா?

பதில்: சிப்பில் குறையில்லை தம்பி, கணக்கில்தான் இடிக்கிறது. வகுத்தல் தெரிந்தால் போதும், நீயே கண்டுபிடித்துவிடலாம்.

கேம் பாய் 160-க்கு 144. அதை மூன்றால் பெருக்கினால் 480-க்கு 432. உன் திரையில் அப்படியே உட்கார்ந்துவிடும், சுற்றிலும் கொஞ்சம் கருப்பு இருக்கும். ஒவ்வொரு பழைய புள்ளிக்கும் சரியாக மூன்றுக்கு மூன்று புதுப் புள்ளிகள். அதனால்தான் கச்சிதம்.

கேம் பாய் அட்வான்ஸ் 240-க்கு 160. திரையின் அகலம் 640-ஐ 240-ஆல் வகுத்தால் 2.67 வருகிறது. புள்ளியை 2.67 ஆக வெட்ட முடியாது. அதனால் 160 பத்திகள் மூன்று புள்ளி அகலமாகவும் 80 பத்திகள் இரண்டு புள்ளி அகலமாகவும் போய் விழுகின்றன. மூன்று, மூன்று, இரண்டு என்று ஒரு தாளம். படம் அசையாமல் நின்றால் கண்ணுக்குத் தெரியாது. நகரும்போது ஒரே எழுத்து தடித்து, மெலிந்து, மறுபடி தடிக்கும். நீ பார்க்கும் நெளிவு அதுதான்.

அமைப்புகளில் முழு எண் பெருக்கம் என்ற வசதி இருக்கும், அதைப் போடு. படம் 480-க்கு 320 ஆகச் சிறுத்துவிடும், ஆனால் நெளியாது. சிறியதாகப் பிடிக்கவில்லை என்றால் விளிம்புகளை லேசாகக் கலக்கும் ஷேடர் என்ற மென்பொருள் வடிகட்டி ஒன்றைப் போடலாம். எனக்குச் சின்னதாக, சுத்தமாக இருப்பதுதான் பிடிக்கும்.

அடுத்த முறை வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை, நீ அதிகம் ஆடும் கருவியின் எண்ணால் வகுத்துப் பார்த்துவிட்டு வாங்கு. 720-க்கு 480 திரையில் அட்வான்ஸ் சரியாக மூன்று மடங்கு. அந்தக் கருவிக்கான ஐபிஎஸ் கிட்கள் பலவற்றில் இந்த அளவுத் திரையே வருகிறது. 720-க்கு 720 சதுரத் திரையிலும் அதே மூன்று மடங்கு, மேலும் கீழும் கருப்பு. முதல் பிளேஸ்டேஷனின் 320-க்கு 240 ஆட்டங்கள் உன் இப்போதைய திரையில் சரியாக இரண்டு மடங்கு, அதனால் அதற்கு நீ வாங்கியது நல்ல தேர்வு. 2021-இல் வந்த அனலாக் பாக்கெட் என்ற கையடக்கக் கருவியின் திரை 1600-க்கு 1440. கேம் பாயின் ஒரு புள்ளிக்கு பத்துக்குப் பத்து, அதாவது நூறு புள்ளிகள். அந்த நூறில் ஓரத்தைக் கருமையாக்கி, பழைய திரையில் புள்ளிகளுக்கு நடுவே தெரிந்த வலைக்கோட்டைக் கூட வரைந்துவிடுகிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

எப்போதாவது படம் ஒரு கணம் தட்டுகிறது என்றால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. கேம் பாய் ஒரு நொடிக்கு 59.73 பிரேம் தருகிறது. திரை 60 கேட்கிறது. ஏறத்தாழ 3.7 நொடிக்கு ஒரு பிரேம் குறையும். அந்த இடத்தில் முந்தைய பிரேமே இரண்டாம் முறை வரும். கூர்ந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

கேள்வி: கேம் கியர் ஒன்று கைக்கு வந்தது. விளக்கு எரிகிறது, ஆனால் படம் மிக மங்கலாக, ஒரு கோணத்தில் பார்த்தால்தான் தெரிகிறது. சத்தமும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. திரை மாற்ற வேண்டுமா?

பதில்: திரைக்குப் போவதற்கு முன் கெபாசிட்டரைப் பாருங்கள், மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சீராகக் கொடுக்கும் பாகம் அது. இந்தக் கருவியின் போர்டுகளில் இருக்கும் சின்ன டப்பா வடிவ கெபாசிட்டர்கள் வயதானால் ஒழுகும். திறந்ததும் மீன் வாடை அடித்தால் ஒழுகிவிட்டது என்று அர்த்தம். மங்கலும் சன்னமான ஒலியும் சேர்ந்தே வந்திருப்பதால் எனக்கு அதிகம் சந்தேகமே இல்லை. மெயின் போர்டு, ஒலி போர்டு, பவர் போர்டு மூன்றிலும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது அடுத்த வருடம் போகும். ஒழுகிய திரவம் தடங்களை அரிக்கும் என்பதால் போர்டை ஆல்கஹாலில் நன்றாகக் கழுவ வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இதன் பின்விளக்கு ஒரு குட்டி டியூப் லைட். அதற்குச் சில நூறு வோல்ட் போகிறது. கருவி ஓடும்போது அந்தப் பகுதியில் விரலோ திருப்புளியோ போகக் கூடாது.

கெபாசிட்டர் மாற்றியும் திருப்தி இல்லை என்றால் இந்த ஒரு கருவிக்கு மட்டும் நான் தயங்காமல் புதுத் திரை போடச் சொல்வேன். இதன் ஆட்டங்கள் முதலிலிருந்தே பின்விளக்கு உள்ள வண்ணத் திரைக்காக வரையப்பட்டவை. அதோடு, டியூப்பும் அதற்கான மின்மாற்றியும் போய்விடுவதால் செல் முன்னைவிட அதிக நேரம் தாங்கும். கேம் பாய் அட்வான்ஸில் நடப்பதற்கு நேர் எதிர்.

கேள்வி: ஓஎல்இடி திரை கிட்கள் வந்துவிட்டன என்கிறார்கள். ஐபிஎஸ்ஸை விட்டுவிட்டு அதற்குப் போகலாமா?

பதில்: இருட்டான ஆட்டங்களுக்கு அதன் கருப்பு அபாரம். புள்ளியே அணைந்துவிடுவதால் கருப்பு உண்மையிலேயே கருப்பு. 2011-இல் வந்த பிளேஸ்டேஷன் வீட்டாவின் முதல் மாடலில் ஓஎல்இடி இருந்தது. அதன் 960-க்கு 544 திரையில், அதற்கு முந்தைய சோனி கையடக்கக் கருவியான பிஎஸ்பியின் ஆட்டங்கள் சரியாக இரண்டு மடங்காகப் பொருந்தின. நான் இன்றும் எடுத்து ரசிக்கும் திரை அது. 2013-இல் அதைச் சாதாரண எல்சிடியாக மாற்றியபோது வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

ஆனால் பழைய ஆட்டங்களில் ஆயுள் எண்ணிக்கை, மதிப்பெண், கட்டம் எல்லாம் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். ஓஎல்இடியில் அப்படி நிற்கும் படம் நாளடைவில் தடம் பதிக்கும். ஒரே புதிர் ஆட்டத்தைத் தினமும் ஆடுபவர் என்றால் ஐபிஎஸ் போதும். பல ஆட்டங்களை மாற்றி மாற்றி, பிரைட்னஸைக் குறைத்து ஆடுபவர் தாராளமாகப் போகலாம்.

கேள்வி: மேடம், புதுத் திரை போட்டாயிற்று. கழற்றிய பழைய திரையை என்ன செய்வது? குப்பையில் போட மனசு வரவில்லை.

பதில்: போடாதீர்கள், தயவுசெய்து. கேம் பாய் கலர், அட்வான்ஸ் இரண்டுக்கும் வந்த அந்தப் பிரதிபலிப்புத் திரைகளை இப்போது யாரும் செய்வதில்லை. உடைந்தால் உடைந்ததுதான். நாளை உங்களுக்கே பழைய நிறத்தைப் பார்க்கத் தோன்றலாம். இல்லையென்றால் திரை உடைந்த கருவியோடு யாராவது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

ரிப்பனை மடிக்காதீர்கள், அது எப்படி வளைந்து பழகியிருக்கிறதோ அப்படியே விடுங்கள். திரையின் முகத்தில் பஞ்சில்லாத மென்மையான துணி, அதன் மேல் கெட்டி அட்டை, பிறகு நிலைமின் தடுப்பு உறை. வெயிலும் ஈரமும் படாத டிராயரில் படுக்கை வாட்டில் வையுங்கள், மேலே பாரம் வேண்டாம். உறை மேல் எந்தக் கருவி, எத்தனை கால் ரிப்பன், என்றைக்குக் கழற்றினீர்கள், கோடு ஏதாவது விட்டிருந்ததா என்று எழுதிவிடுங்கள். பென்சிலில் எழுதினால் அழிந்துவிடும், பேனாவில் எழுதுங்கள்.